ரயில் மாறிடுச்சு, கிணறு மாறிடுச்சு... அடுத்து உங்க ஸ்கூட்டரும் அடுப்பும்தான்!

எழும்பூர்ல ரயில் ஏறி விழுப்புரம் போறீங்கன்னு வெச்சுக்குவோம். திண்டிவனம் தாண்டினதும் கையில இருக்கிற போனை ஒரு நிமிஷம் கீழே வெச்சுட்டு, ஜன்னல் வழியா வெளியே பாருங்க. உங்க தலைக்கு மேல ஓடுற கம்பியில 25,000 வோல்ட் மின்சாரம். வயல் நடுவுல நிக்கிற மோட்டார் ஷெட்டுக்கு இன்னொரு கம்பி. கொஞ்சம் தள்ளி ஜி.எஸ்.டி. ரோடு. அங்கே பஸ், லாரி, கார், பைக்னு பெரும்பாலும் இன்னும் டீசலும் பெட்ரோலும்தான்.

உலகம் முழுக்க இப்போ நடந்துக்கிட்டு இருக்கிற ஒரு பெரிய மாற்றத்தை இந்த ஒரு காட்சியிலேயே பார்த்துடலாம். ரயில் கரன்ட்டுக்கு மாறிடுச்சு. கிணறும் மாறிடுச்சு. ரோடு இப்போதான் மாற ஆரம்பிச்சிருக்கு. அடுத்து அடுப்பு. இதுல நமக்கு என்ன லாபம், எங்கே உஷாரா இருக்கணும்னு பார்ப்போம் வாங்க.

கரன்ட் பில் மட்டும்தான் எனர்ஜியா?

'எனர்ஜி செலவு'ன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது இ.பி. பில்தான். ஆனா உங்க வீட்டுல சிலிண்டர் வருது, வண்டிக்கு பெட்ரோல் போடுறீங்க. அதுவும் எனர்ஜிதான். மூணையும் கூட்டினாத்தான் முழுக் கணக்கு.

உலகக் கணக்கும் இப்படித்தான். இரும்பு ஆலையில எரியுற நிலக்கரி, லாரியில எரியுற டீசல், விமானத்துக்குப் போற எரிபொருள், கிராமத்து அடுப்புல எரியுற விறகு எல்லாம் அதுல சேரும். இப்படி நம்ம கைக்கு வந்து பயன்படுற மொத்த ஆற்றல்ல மின்சாரத்தோட பங்கு இன்னிக்கு ஏறக்குறைய 20 சதவிகிதம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 'அவ்வளவுதானா?'ன்னு தோணும். ஆனா 1973-ல இது 10 சதவிகிதத்தைக்கூடத் தொடலை. ஐம்பது வருஷத்துல இரண்டு மடங்காகியிருக்கு. சீனாவுல இப்பவே நாலுல ஒரு பங்கைத் தாண்டிடுச்சு.

வேகமும் கூடிக்கிட்டே போகுது. 2024-ல உலகத்தோட மொத்த ஆற்றல் தேவை சுமார் 2 சதவிகிதம் கூடினப்போ, மின்சாரத் தேவை மட்டும் 4 சதவிகிதத்துக்கு மேல கூடிச்சு. ஏ.சி., எலெக்ட்ரிக் வண்டி, தொழிற்சாலை, டேட்டா சென்டர்னு எல்லாரும் ஒரே கம்பியில கை வைக்கிறாங்க.

'நான் ரீல்ஸ் பார்க்கிறதும் ஒரு காரணமோ?'ன்னு பயப்படாதீங்க. ஒரு போனை வருஷம் முழுக்கத் தினமும் ஃபுல் சார்ஜ் போட்டாலும் 10 யூனிட்டைத் தாண்டுறது கஷ்டம். ஒன்றரை டன் ஏ.சி. அதை ஒரே ராத்திரியில தின்னுடும்.

விழுப்புரம் முன்னாடியே பார்த்த மாற்றம்

எலெக்ட்ரிக் வண்டி ஏதோ இப்போ வந்த ஃபேஷன்னு நினைக்கிறவங்களுக்கு விழுப்புரம் ஜங்ஷன் ஒரு கதை வெச்சிருக்கு.

சென்னை கடற்கரையில இருந்து தாம்பரம் வரைக்கும் 1931-லயே மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சுடுச்சு. அப்போ அது மீட்டர் கேஜ். 1960-களோட நடுவுல அந்த மின்பாதையை செங்கல்பட்டு, திண்டிவனம் வழியா விழுப்புரம் வரைக்கும் நீட்டினாங்க. ஜப்பானோட மிட்சுபிஷி தயாரிச்ச இன்ஜின்கள் கப்பல்ல வந்து இறங்கிச்சு. இந்தியா முழுக்க அத்தனை மீட்டர் கேஜ் பாதை இருந்தும், மின்மயமான ஒரே மீட்டர் கேஜ் பாதை நம்ம கடற்கரை - விழுப்புரம் பாதைதான்.

கரன்ட் கம்பி விழுப்புரத்தோட முடிஞ்சுடும். அதனால திருச்சி பக்கம் போற ரயிலுக்கு இங்கேதான் இன்ஜின் மாத்தணும். மின்சார இன்ஜினைக் கழட்டிட்டு கரி இன்ஜினையோ, பிறகு டீசல் இன்ஜினையோ மாட்டுவாங்க. உங்க தாத்தா பாட்டி அந்தக் காலத்துல தென் மாவட்டங்களுக்குப் போயிருந்தா கேட்டுப் பாருங்க. விழுப்புரத்துல வண்டி நின்ன கதை ஒண்ணாவது வெச்சிருப்பாங்க.

கரி இன்ஜினை ஏன் கைவிட்டாங்க? அது போட்ட கரியில பெரும்பகுதியைப் புகையாவும் சூடாவும் வெளியே விட்டுடும். சக்கரத்துக்குப் போய்ச் சேர்றது பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதே கரியை ஒரு மின் நிலையத்துல எரிச்சு, கம்பி வழியா கரன்ட்டா அனுப்பினா ரயிலை அதைவிட ரொம்ப தூரம் இழுக்கலாம். இன்ஜினுக்குள்ள கரியையும் தண்ணியையும் சுமக்கிற வேலையும் மிச்சம்.

பிறகு அகல ரயில் பாதை வந்துச்சு. 2010-ல விழுப்புரம் - திருச்சி பாதைக்கும் மின்கம்பி வந்தப்போ, இன்ஜின் மாத்துற வேலை முடிவுக்கு வந்துச்சு. நாடு முழுக்கப் பார்த்தா, 2014-ல அகல ரயில் பாதையில மூணுல ஒரு பங்குதான் மின்மயமாகியிருந்துச்சு. இன்னிக்கு 98 சதவிகிதத்துக்கும் மேல. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆனதுல ஒரு நாட்டோட ரயில் பெரும்பாலும் டீசலை விட்டு கரன்ட்டுக்கு வந்துடுச்சு. உலகத்துல பல பணக்கார நாடுகள்லகூட இது இன்னும் நடக்கலை.

கவலை இறைத்த கிணறு

அடுத்து கிணறு. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பெரியவங்க 'கவலை'ன்னு சொன்னா அது மனக்கவலை இல்லை. ரெண்டு மாட்டைப் பூட்டி, சாலைக் கிணத்துக்குள்ள இறக்கி, தண்ணி மொண்டு மேலே இழுக்கிற முறை. தெற்கே போனா அதுக்கு 'கமலை'ன்னு பேரு. மாடு களைச்சுப் போனா தண்ணியும் நின்னுடும். அப்புறம் ஆயில் இன்ஜின் வந்துச்சு. அதுக்கு அப்புறம் கரன்ட் மோட்டார்.

இதுக்கான மின்சாரம் எங்கேயிருந்து வந்துச்சு? பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல ஓட ஆரம்பிச்சுது. அடுத்து மேட்டூர். 1957-ல மின்சார வாரியம் வந்துச்சு. 1962-ல நெய்வேலி பழுப்பு நிலக்கரியில இருந்து மின்சாரம். அப்போ நெய்வேலி, விழுப்புரம், திண்டிவனம் மூணுமே ஒரே தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-லதான்.

1984-ல சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தாங்க. 1990 வாக்குல அது எல்லா விவசாயிகளுக்கும் வந்துச்சு. இன்னிக்குத் தமிழ்நாட்டுல 23 லட்சத்துக்கும் மேல விவசாய மின் இணைப்புகள் இருக்கு. மல்லாட்டை, கரும்பு, நெல்லுன்னு விழுப்புரத்து வயல் பச்சையா இருக்கிறதுல மோட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா இங்கே ஒரு முக்கியமான பாடமும் இருக்கு. மாடு இழுத்த காலத்துல, மாடு இழுக்க முடிஞ்ச அளவுதான் தண்ணி எடுக்க முடியும். சுவிட்ச் வந்தப்புறம் அந்த அளவு போயிடுச்சு. ஸ்டார்ட்டரைத் தட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம். விளைவு? நிலத்தடி நீர் கீழே கீழே போச்சு. கிணறு போய் போர் வந்துச்சு. சின்ன மோட்டார் போய்ப் பெரிய சப்மெர்சிபிள் வந்துச்சு. ஒரு வேலை சுலபமானா அதை நாம அதிகமாச் செய்வோம். மனுஷ சுபாவம் அது. ஏ.சி. விஷயத்துலயும் நாளைக்கு இதுதான் நடக்கும்.

திண்டிவனம் டு விழுப்புரம்: ஒரு ஸ்கூட்டர் கணக்கு

இப்போ ரோட்டுக்கு வருவோம். திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 47 கிலோமீட்டர் ஓடுற பெட்ரோல் ஸ்கூட்டர்னா சுமார் 850 மில்லி பெட்ரோல் ஆகும்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள்ள இருக்கிற ஆற்றலை கரன்ட் கணக்குல சொன்னா ஏறக்குறைய 9 யூனிட். அப்போ 850 மில்லின்னா ஏழரை யூனிட்டுக்கு மேல. அதே தூரத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோட பேட்டரியில இருந்து ஏறக்குறைய 1.3 யூனிட் போதும். சார்ஜ் போடும்போது வீணாகுறதையும் சேர்த்தா 1.5 யூனிட்.

அதே ரோடு, அதே எடை, அதே வேகம். ஒண்ணுக்கு ஏழரை, இன்னொண்ணுக்கு ஒன்றரை. மிச்ச ஆறு யூனிட் எங்கே போச்சு? பெட்ரோல் வண்டியை நிறுத்தினதும் சைலன்சர் பக்கம் காலை வெச்சுப் பாருங்க... வேணாம், சுட்டுடும். அந்தச் சூடுதான் மிச்சம். பெட்ரோல் இன்ஜின் தான் குடிக்கிறதுல ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்குது. மீதியை நாம காசு கொடுத்து வாங்கி, காத்துக்குச் சூடு ஏத்திக்கிட்டு இருக்கோம். மோட்டார் அப்படி இல்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரன்ட்டைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்புற வண்டிகளும் இருக்கு.

மின்சாரத்தோட பங்கு உலகம் முழுக்க ஏறுறதுக்கு இதுதான் அடிப்படைக் காரணம். அதே வேலையைக் குறைஞ்ச ஆற்றல்ல முடிச்சுக் கொடுக்குது. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்தியா தனக்கு வேணும்கிற கச்சா எண்ணெய்ல 85 சதவிகிதத்துக்கும் மேல வெளிநாட்டுல இருந்து வாங்குது. எங்கேயோ சண்டை நடந்தா திண்டிவனம் பங்க்ல விலை ஏறுது. கரன்ட்டை நம்ம ஊர்ல, நம்ம காத்துலயும் வெயில்லயும்கூட எடுக்கலாம்.

திண்டிவனத்துல இருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியா கிருஷ்ணகிரிக்கு ஒரு நெடுஞ்சாலை போகுதே, அது போய்ச் சேர்ற மாவட்டத்துலதான் இந்தியாவோட பெரிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் இருக்கு. ஓசூர்ல டி.வி.எஸ்., ஏத்தர். போச்சம்பள்ளியில ஓலா. 2024-ல மட்டும் இந்தியாவுல 11 லட்சத்துக்கும் மேல எலெக்ட்ரிக் டூ வீலர் வித்திருக்கு. ஆனாலும் வித்த மொத்த டூ வீலர்ல இது நூத்துக்கு ஆறு அளவுதான். பஸ் இன்னும் பின்னாடி. சென்னை மாநகரப் பேருந்துல 2025 ஜூன் கடைசியில மின்சாரப் பஸ் ஓட ஆரம்பிச்சாச்சு. விழுப்புரத்துல இருந்து வெளியூர் போற அரசுப் பஸ்ல ஏறினா இன்னும் டீசல் சத்தம்தான்.

சிலிண்டரா, இண்டக்‌ஷனா?

14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற ஆற்றல் சுமார் 180 யூனிட். கேஸ் அடுப்புல அதுல 60 சதவிகிதத்துக்கு மேலதான் பாத்திரத்துக்குப் போகும். மிச்சம் உங்க கிச்சனைச் சூடாக்கும். இண்டக்‌ஷன்ல 85 சதவிகிதம் வரைக்கும் பாத்திரத்துக்கே போகும். அதனால ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்‌ஷன்ல முடிக்க சுமார் 130 யூனிட் ஆகும்.

லாபமா நஷ்டமாங்கிறது உங்க பில்லைப் பொறுத்தது. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, மேலே போகப் போக ரேட்டும் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினா ரேட் கணக்கே மாறிடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடுற வீட்டுல முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாத்தினா பில் எகிறும். 200 யூனிட் ஓடுற வீட்டுல பால், டீ, சாதத்தை மட்டும் மாத்தினா சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

அந்தக் கரன்ட் கரியில இருந்துதானே வருது?

நல்ல கேள்வி. இந்தியாவுல உற்பத்தியாகுற மின்சாரத்துல 70 சதவிகிதத்துக்கும் மேல இன்னமும் நிலக்கரியில இருந்துதான் வருது. அப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுறதும் கரி எரிக்கிறதும் ஒண்ணுதானா?

கணக்குப் போட்டே பார்த்துடலாம். நம்ம நாட்டு கரன்ட் ஒரு யூனிட்டுக்குச் சராசரியா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. திண்டிவனம் - விழுப்புரம் பயணத்துக்கு ஒன்றரை யூனிட்னா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 850 மில்லி பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய 2 கிலோ. பெரும்பாலும் கரியில வர்ற கரன்ட்டுலயே பாதி மிச்சம். முப்பந்தல் காத்தாடிகள், கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் மாதிரி இன்னும் நிறைய வர வர, நீங்க அதே ஸ்கூட்டரை ஓட்டினாலும் அந்தக் கணக்கு வருஷா வருஷம் குறையும். பெட்ரோல் வண்டி பழசாக ஆகப் புகை கூடத்தான் செய்யும்.

எல்லாம் ஒரே கம்பியில... அதுதான் சிக்கல்!

இப்போ உஷாரா இருக்க வேண்டிய இடம். முன்னெல்லாம் ரயிலுக்குக் கரி, கிணத்துக்கு மாடு, அடுப்புக்கு விறகு, விளக்குக்கு மண்ணெண்ணெய். ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு ஓடும். எல்லாத்தையும் கரன்ட்டுக்கு மாத்தினப்புறம், ஒரு கம்பி அறுந்தா எல்லாமே நிக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அடுத்த நாள் காலையில முடிஞ்ச 24 மணி நேரத்துல, திண்டிவனம் பக்கத்துல இருக்கிற மயிலத்துல மட்டும் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் நடுவுல இருக்கிற பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டினதால ரயில்கள் நின்னுச்சு. மின்கம்பங்கள் சாய்ஞ்சு, பல கிராமங்கள்ல நாள் கணக்குல கரன்ட் இல்லை. கரன்ட் இல்லைன்னா மோட்டார் இல்லை, மோட்டார் இல்லைன்னா டேங்க்ல தண்ணி இல்லை. போன்ல சார்ஜ் இல்லை, டவர் பேட்டரி தீர்ந்தா சிக்னலும் இல்லை. சுத்தி வெள்ளம், குடிக்கத் தண்ணி இல்லைங்கிற நிலைமை அப்படித்தான் வருது.

இன்னொரு சிக்கல் நேரம். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டோட மின் தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு. பகல்ல சோலார் கை கொடுக்கும். சாயந்திரம் ஆறரைக்கு மேல சூரியன் போயிடும். ஆனா அப்போதான் நாம வீட்டுக்கு வந்து ஏ.சி.யைப் போடுவோம், ஸ்கூட்டரை சார்ஜ்ல போடுவோம், இண்டக்‌ஷன்ல தோசை சுடுவோம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அத்தனையையும் தாங்கணும். உங்க தெருவுல ராத்திரி லோ வோல்டேஜ் வருதுன்னா காரணம் பல நேரம் இதுதான். கரன்ட் இருக்கும், அதைக் கொண்டு வர்ற கம்பிக்குத்தான் தெம்பு இருக்காது.

அதனால எலெக்ட்ரிக் வண்டிக்கு மானியம் கேட்கிற அதே அழுத்தத்தோட நாம கேட்க வேண்டியது: புயல் தாங்குற மின்கம்பம், தெருவுக்குப் போதுமான டிரான்ஸ்ஃபார்மர், பகல் வெயிலை ராத்திரிக்குச் சேர்த்து வைக்கிற பேட்டரி.

நீங்க என்ன பண்ணலாம்?

* எலெக்ட்ரிக் வண்டி வாங்கும் முன்னாடி வீட்டு வயரிங்கை ஒரு எலெக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. எர்த்திங் சரியா இருக்கா, ஷாக் அடிச்சா உடனே டிரிப் ஆகுற பிரேக்கர் இருக்கான்னு கேளுங்க. பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சார்ஜ் போடவே போடாதீங்க.

* ஏ.சி., வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் மூணும் சேர்ந்தா உங்க இணைப்போட அனுமதிச்ச லோடு தாங்குமான்னு பாருங்க. பத்தலைன்னா இ.பி. ஆபீஸ்ல கூட்டிக்கலாம்.

* ஸ்கூட்டரைச் சாயந்திரம் வந்ததும் போடாம, ராத்திரி தூங்கப் போகும்போது சார்ஜ் போடுங்க. மோட்டாரைப் பகல்லயே ஓட்டி டேங்கை நிரப்பிடுங்க.

* சொந்த வீடா? 2024-ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் தினமும் சராசரியா 4 யூனிட் கொடுக்கும். ஆனா பேட்டரி இல்லாத சோலார், தெருவுல கரன்ட் போனா அதுவும் நின்னுடும். கம்பம் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு உங்க வீட்டு கரன்ட் பாய்ஞ்சுடக் கூடாதுங்கிற பாதுகாப்பு அது. புயலுக்கும் உதவணும்னா பேட்டரியோட போடுங்க.

* நவம்பர் வந்ததும் பவர் பேங்க், சார்ஜ் விளக்கு, மூடி போட்ட குடத்துல குடிதண்ணி. விழுப்புரத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!

கடைசியா ஒரு சின்ன வீட்டுக் கணக்கு. இரண்டு மாச இ.பி. யூனிட்டை எழுதிக்கோங்க. அதே இரண்டு மாசத்துல ஆன சிலிண்டரை 180-ஆலயும், போட்ட பெட்ரோல் லிட்டரை 9-ஆலயும் பெருக்கிக் கூட்டுங்க. உதாரணத்துக்கு 300 யூனிட், 2 சிலிண்டர், 30 லிட்டர் பெட்ரோல்னா: 300 + 360 + 270 = 930. இதுல கரன்ட்டோட பங்கு 32 சதவிகிதம். உங்க வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னு போட்டுப் பாருங்க. அடுத்து எதை மாத்தலாம், எதை இப்போதைக்கு அப்படியே விடலாம்னு அந்த நம்பரே சொல்லிடும்.